ஒரு தாளுக்கு ஒரு பெயர்

பதினாறு உருளைகள் எங்கே போயின என்று ஆவுடைநாயகிக்கு நான்கு நாட்களாகப் பிடிபடவில்லை.

மூன்றாம் கூடத்தின் தரையில் தீர்ந்துபோன உருளைகளை அவள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். மொத்தம் இருபத்தாறு. ஒவ்வொன்றும் ஒரு சோற்றுத் தூக்கின் அளவு. உள்ளே சுண்ணாம்புக் குருணை. செவ்வாயில், மூடிய கூடத்துக்குள் மனிதர்கள் உயிரோடு இருக்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஆக்ஸிஜன் உள்ளே வர வேண்டும். அதைக் குழாய் பார்த்துக்கொள்ளும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அகற்ற வேண்டும். அதைச் சுண்ணாம்பு பார்த்துக்கொள்ளும். புதுக் குருணை வெள்ளையாக இருக்கும். வாயுவை உறிஞ்ச உறிஞ்ச ஊதாவாகும். முழுக்க ஊதாவானதும் அந்த உருளையைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் பொருத்த வேண்டும். மின்சாரம் வேண்டாம், படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். காற்றுப் பொறியாளராக இருந்த முப்பது வருடங்களில் ஆவுடைக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

நாற்பத்தாறு கைதிகளுக்கு ஒரு நாளைக்கு ஆறு உருளை. வாரத்துக்கு நாற்பத்திரண்டு. மத்தியப் பண்டகசாலையிலிருந்து வாரம் தவறாமல் நாற்பத்திரண்டு கிளம்பியிருக்கின்றன. வண்டியில் ஏற்றிய படங்கள் இருக்கின்றன. கூடத்துக்கு வந்து சேர்ந்தவை இருபத்தாறு. ஒன்பது வாரமும் அதே இருபத்தாறு. ஒன்பதாவது வாரத்தில் பத்தொன்பது கைதிகள் மூச்சு முட்டி இறந்தார்கள்.

"இன்னொரு தடவை எண்ணினா கூடிருமா, இஞ்சினியரம்மா?"

வாசலில் குந்தியிருந்த காதர் மைதீன் கேட்டார். தென்பள்ளத்துக்காரர், பனிக்கட்டி வெட்டும் தொழிலாளி. வடமேட்டுக்கும் தென்பள்ளத்துக்கும் பனிக்கட்டிக்காக நடந்த போரில் பிடிபட்டு, இந்தக் கூடத்தில் அடைபட்டு, பிழைத்த இருபத்தேழு பேரில் ஒருவர். போர் முடிந்து நான்கு மாதமாகிறது. தென்பள்ளத்தின் சார்பில் பார்வையாளர் ஒருவர் இல்லாமல் யாரும் முகாமுக்குள் நுழையக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்னது. அவர்கள் அனுப்பிய பார்வையாளர் இவர்தான். ஆவுடை வடமேட்டுக்காரி. தன்னை இந்த மனிதர் வெறுப்பார் என்றுதான் முதல் நாள் நினைத்தாள். அவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கூடாது, காதர் பாய். எரிச்சல்ல எண்ணுறேன்."

"வாசல் காவலுக்கு நின்ன சூசைப் பயதான் எடுத்து வித்துட்டான்னு உங்க போலீஸ் சொல்லுதே."

"ஒரு வாரம் பத்து எடுப்பான், ஒரு வாரம் இருபது எடுப்பான், ஒரு வாரம் பயந்துகிட்டுச் சும்மா இருப்பான். ஒன்பது வாரமும் சரியாப் பதினாறு எடுக்கிற திருடனை நான் பார்த்ததில்ல."

"ஒழுக்கமான திருடனா இருப்பானோ என்னவோ." காதர் மைதீன் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எட்டு வாரமும் அதே இருபத்தாறுதான் வந்துச்சுங்கிறீங்க. அப்ப எப்படிப் பொழைச்சோம்?"

இதற்கு மட்டும் ஆவுடையிடம் விடை இருந்தது. விளக்கக் கிடைத்ததே என்று அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க தினமும் பத்து மணி நேரம் சுரங்கத்துக்குப் போயிருவீங்க. கூடத்துல இருந்தது பதினாலு மணி நேரம்தான். ஆள் இல்லாத நேரத்துல சுண்ணாம்புக்கு வேலை இல்ல. அந்தக் கணக்குல வாரத்துக்கு இருபத்தஞ்சு உருளை போதும். வந்தது இருபத்தாறு. கூட இருந்த ஒண்ணையும் அந்தந்த வாரமே போட்டுத் தீர்த்தாங்க. ஒன்பதாவது வாரம் புழுதிப் புயல் வந்துச்சு. எட்டு நாள் வேலை நிறுத்தம். நாற்பத்தாறு பேரும் நாள் முழுக்க உள்ள. நாலு நாள் ஆறு ஆறாப் போட்டாங்க. அஞ்சாம் நாள் காலையில ரெண்டுதான் இருந்துச்சு. ஆறாம் நாள் ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தச் சுரங்கத்துக்குப் போனதாலதான் உசுரோட இருந்தோம்."

"ஆமா."

"நான் அதைத் தினம் சபிச்சேன்." அவர் சுவரில் இருந்த சின்ன விளக்கைப் பார்த்தார். "அந்தக் கழுதை கடைசி வரை பச்சையாவே எரிஞ்சுதே. என் மச்சினன் அதைக் காட்டித்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னான். பச்சை எரியுது, ஒண்ணும் ஆகாதுன்னு."

"அது ஆக்ஸிஜனை மட்டும் பார்க்கிற விளக்கு. ஆக்ஸிஜன் நல்லாத்தான் வந்துச்சு. சாப்பாடு வருதான்னு பார்க்கத் தெரியும் அதுக்கு. சாக்கடை அடைச்சிருக்கான்னு தெரியாது. கரியமில வாயுவையும் பார்க்கிற ரெட்டை விளக்கு அதிகாரிங்க அறையில இருக்கு. கைதிகளுக்கு ஒத்தை விளக்கு போதும்னு சட்டம்."

காதர் மைதீனின் மச்சினன் இறந்த பத்தொன்பது பேரின் பட்டியலில் பதினோராவது. ஆவுடை ஓர் ஊதா உருளையைக் காலால் உதைத்தாள். அது உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. அவள் எழுந்து போய் அதை எடுத்து, மறுபடி வரிசையில் வைத்தாள்.

*

விசாரணை ஆணையத்தின் தலைவர் நீதிபதி மெய்கண்டன். போரில் சேராத ஐயனேரி நகரத்துக்காரர். முகாமின் பழைய சமையற்கட்டில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கெடு முடியுது" என்றார். "தாள் எங்கம்மா?"

தாள் என்று அவர் சொன்னது ஒன்பதாம் விதித் தாளை. போர் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதிப்படி, சிறை முகாமில் நிகழ்ந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு தாளில் ஒரே பெயர். அது மனிதரின் பெயராக இருக்க வேண்டும். 'நிர்வாகம்', 'கருவிக் கோளாறு', 'சூழ்நிலை' என்று எதுவும் எழுதக் கூடாது. கெடுவுக்குள் தாள் வராவிட்டால் அந்த மரணம் போர்ச் சூழலால் நேர்ந்தது என்று மூடப்படும். தொழில்நுட்ப மரணங்களுக்குத் தாளை நிரப்ப வேண்டியவர் காற்றுப் பொறியாளர்.

"ஐயா, பதினாறு உருளை எங்க போச்சுன்னே தெரியல. பேரை எப்படி எழுதுவேன்?"

"போலீஸ் ஒரு பேர் குடுத்திருக்கு."

"சூசைகிட்ட விக்கிறதுக்கு ஆளும் இல்ல, வித்ததுக்குத் தடயமும் இல்ல. நடுவுல நாலு இடம் இருக்கு. தளம், முகாம், பிரிவு, காவலறை. நாலு பேரையும் கேட்டேன். நாலு பேரும் படிவத்தைக் காட்டுறாங்க. எல்லாம் ஆம், ஆம், ஆம், சரி, சரி, கையெழுத்து. ஒரு தப்பு இல்ல. தப்பே இல்லாத நாலு பேருக்கு நடுவுல பதினாறு உருளை ஆவியாயிருச்சு!"

"சத்தம் போடாதீங்க."

"ஒரே பேர்தான் எழுதணும்னா, எப்பவும் வாசல்ல நிக்கிறவன் பேர்தான் வரும். அவன்தானே கடைசிக் கை."

மெய்கண்டன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் இல்லை. தூங்காதவர்.

"ஒரே பேர்னு ஏன் வச்சாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? இதுக்கு முந்தின போர்ல ஒரு தாள்ல எட்டுப் பேர் வரைக்கும் எழுதலாம்னு இருந்துச்சு. எட்டுப் பேரும் வந்து நின்னாங்க. ஒவ்வொருத்தனும் மத்த ஏழு பேரைக் காட்டினான். எட்டுல ஒரு பங்கு குற்றத்துக்கு எந்த நீதிபதி என்ன தண்டனை குடுப்பான்? எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. அதனாலதான் இந்த விதி. நான்தான் எழுதினேன், போதுமா?"

ஆவுடை எழுந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம்" என்றார் மறுபடி. "உருளையைக் கண்டுபிடிங்க. இல்லேன்னா சூசை. அவனுக்கு ஆயுள் முழுக்கப் பனிச் சுரங்கம். எனக்கும் பிடிக்கல. ஆனா பத்தொன்பது பேரை 'சூழ்நிலை'ன்னு மூடுறது அதைவிடப் பிடிக்கல. போய்த் தாளை வாங்கிக்குங்க."

*

தாள் கொடுக்கும் எழுத்தர் எபனேசர் சமையற்கட்டுக்குப் பின்னால் அரிசி வைக்கும் அறையில் இருந்தார். ஒன்பதாம் விதித் தாள்கள் எண்ணிடப்பட்டவை; அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். ஆவுடை பத்தொன்பது கேட்டாள். வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து எண்ணினாள். பதினேழு.

திரும்பிப் போனாள்.

"ரெண்டு குறையுது, எபனேசர்."

"குறையலையேம்மா."

"பத்தொன்பது கேட்டேன். பதினேழு இருக்கு."

"ஆமா. மேல ஆபீஸ்ல இருந்து இந்தக் கேசுக்குப் பத்தொன்பது வந்துச்சு. பத்துல ஒண்ணு காப்பு வைக்கணும். பத்தொன்பதுல பத்துல ஒண்ணுன்னா ஒண்ணு புள்ளி ஒன்பது. தாளைக் கிழிச்சா வைக்க முடியும்? ரெண்டு வச்சுட்டேன்." அவர் அலமாரியைப் பெருமையாகத் தட்டினார். "எங்கிட்ட எப்பவும் காப்பு இருக்கும். இதுவரைக்கும் ஒருத்தன் என்னைக் குறை சொன்னதில்ல."

"பத்தொன்பது பேர் செத்திருக்காங்க. பதினேழு தாள் வச்சு நான் என்ன பண்றது?"

"அவசரம்னா எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன். அவங்க உத்தரவு போட்டா காப்பைத் திறக்கலாம். ஒரு வாரம் ஆகும்."

"கெடு நாளைக்கு!"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

ஆவுடை அவரை வைய வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். எபனேசரின் மேசைமேல், அவர் தடுக்கத் தடுக்க, எழுதினாள். நாற்பத்திரண்டு. அதில் பத்தில் ஒன்று நான்கே சொச்சம். உருளையை வெட்ட முடியாது, ஐந்து. மீதி முப்பத்தேழு. அதில் பத்தில் ஒன்று, நான்கு. மீதி முப்பத்து மூன்று. மறுபடி நான்கு. மீதி இருபத்தொன்பது. அதில் மூன்று.

மீதி இருபத்தாறு.

ஐந்தும் நான்கும் நான்கும் மூன்றும் பதினாறு.

"எபனேசர்" என்றாள் மெதுவாக, "உங்களை முத்தமிடலாம் போல இருக்கு. கழுத்தையும் நெரிக்கலாம் போல இருக்கு."

"ரெண்டுக்கும் எழுத்து உத்தரவு வேணும்மா" என்றார் எபனேசர்.

*

சூசையை விலங்கோடு மூன்றாம் கூடத்துக்கு அழைத்துவந்தார்கள். முப்பது வயது இருக்கும். நான்கு மாதக் காவலில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. காதர் மைதீனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி" என்றாள் ஆவுடை. "காவலறைக் காப்பிருப்பு எங்க?"

"அலமாரியில, மேடம்."

"எந்த அலமாரி?"

அவன் கையைக் காட்டினான். கூடத்தின் வாசலிலிருந்து காவலறைக்கு ஒரு நடை. காதர் மைதீன் முன்னால் நடந்தார். அவர் உதடு அசைந்ததை ஆவுடை பார்த்தாள். அடிகளை எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார் அலமாரி முன்னால் நின்று.

உடன்வந்த போலீஸ்காரர் பூட்டை உடைத்தார். உள்ளே, ஒன்றன்மேல் ஒன்றாக, தூசிகூடப் படியாமல், இருபத்தேழு உருளைகள். குருணை சோறு போல வெள்ளையாக இருந்தது.

போலீஸ்காரர்தான் முதலில் கத்தினார். "நாலு மாசமாக் கேட்டோமேடா! உருளை எங்கேன்னு!"

"காணாமப் போன உருளை எங்கேன்னு கேட்டீங்க, சார்." சூசை விலங்கிட்ட கையால் அலமாரியைக் காட்டினான். "இது காணாமப் போகலையே. காப்புல இருக்கு. வாரம் மூணு. ஒவ்வொரு வாரமும் படிவத்துல கேக்கும், காப்பு ஒதுக்கியாச்சான்னு. ஒதுக்கியாச்சுன்னு எழுதினேன். படிவத்தைப் பார்த்தீங்களே சார், எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சாவி?" என்றார் காதர் மைதீன்.

சூசை அவரை நிமிர்ந்து பார்த்தான். விசாரணையில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

"என் இடுப்புல, அண்ணே."

"நாங்க கதவைத் தட்டினப்ப?"

"இடுப்புலதான் இருந்துச்சு. அஞ்சாம் நாள் பிரிவுக்குப் போன் போட்டேன். உள்ள தலைவலின்னு கத்துறாங்க, காப்பைத் திறக்கட்டுமான்னு கேட்டேன். விளக்கு என்ன நிறம்னு கேப்டன் கேட்டாரு. பச்சைன்னேன். அப்புறம் என்னடா, வேலைக்குப் போகாம உக்காந்து திங்கிறவனுக்குத் தலைதான் வலிக்கும்னாரு. நானும்... நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைச்சேன், அண்ணே. ஆறாம் நாள் சாயங்காலம் சோத்துத் தட்டைப் பொந்து வழியாத் தள்ளினேன். யாரும் எடுக்கல. அப்பதான் கதவைத் திறந்தேன்."

காதர் மைதீன் ஓர் உருளையை எடுத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை அவர் எறிந்துவிடுவாரோ என்று போலீஸ்காரர் நகர்ந்து நின்றார். அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இவன் ஒருத்தன் பேரை எழுதிட்டு மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பிராதீங்க, இஞ்சினியரம்மா" என்றார். "இவனை விட்டுடுங்கன்னும் நான் சொல்ல மாட்டேன்."

ஆவுடைக்கு அது காதில் விழுந்தது. ஆனால் அவள் அலமாரிக் கதவின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு படிவம் ஒட்டியிருந்தது. கடந்த நான்கு நாட்களில் இதன் விடைகள் மட்டும் பதிந்த நகல்களைப் பார்த்தாளே தவிர, அச்சிட்ட முழுத் தாளைப் பார்க்கவில்லை. காப்பிருப்புப் படிவம். ஒன்று: வந்ததில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதா? ஆம், இல்லை. இரண்டு: மேலிடத்தின் எழுத்து உத்தரவின்றிக் காப்பைத் திறக்கக் கூடாது. அடியில் பொடி எழுத்தில், வகுத்தவர்: ஆ.நா.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் தெற்குக் குகையில் சரக்கு வண்டி நான்கு நாள் தாமதமாகி ஆறு பேர் இறந்தார்கள். இனி அப்படி நடக்கவே கூடாது என்று ஆவுடை ஒரே மூச்சில் உட்கார்ந்து இதை எழுதினாள். மத்தியப் பண்டகசாலைக்கு என்று எழுதினாள். ஓரிடத்தில், ஒரு முறை. நல்ல படிவம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நல்ல படிவம் என்பதால் எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். பத்தில் ஒன்றை ஒவ்வொரு கையும் எடுத்தது. ஒவ்வொரு வாரமும் எடுத்தது. ஏற்கெனவே யாராவது எடுத்துவிட்டார்களா என்று படிவம் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் அந்தக் கேள்வியை எழுதவில்லை.

*

மறுநாள் மதியத்துக்குள் மற்ற மூன்று இடங்களையும் திறந்துவிட்டார்கள். பிரிவில் கேப்டன் கோமதிநாயகத்தின் அறையில் முப்பத்தாறு. முகாம் தலைவர் மேஜர் வேதவல்லியின் கிடங்கில் முப்பத்தாறு. தளத்தின் பண்டக அலுவலர் இருதயராஜிடம் நாற்பத்தைந்து. காவலறையோடு சேர்த்து நூற்று நாற்பத்து நான்கு. எல்லாம் வெள்ளை. இந்த மூன்று பேருக்கும் தத்தமக்குக் கீழே இருந்தவர் மூலம் கூடத்துச் செய்தி போயிருந்தது. மூன்று பேரும் விளக்கின் நிறத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

"அப்ப திருட்டு இல்ல" என்றார் மெய்கண்டன். சொல்லிவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "திருட்டா இருந்திருந்தா சுலபமா இருந்திருக்கும். இப்ப என்ன பண்றது? நாலு பேர். ஆளுக்குக் கால் பங்கு. நான் சொன்ன அதே கதைதான். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காட்டுவாங்க."

"கால் பங்கு இல்ல, ஐயா."

"நாலு பேர்னா கால்தானே?"

"ஒரு மூட்டையை நாலு பேர் தூக்கினா ஆளுக்குக் கால் பாரம். இது தூக்குற வேலை இல்ல. ஒரு அறைக்கு நாலு கதவு. உள்ள ஆள் இருக்கு, தீப்பிடிச்சிருச்சு. நாலு பேரும் ஆளுக்கொரு கதவைப் பூட்டி வச்சிருக்காங்க. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ள இருக்கிறவன் வெளிய வந்துருவான். யாரும் திறக்கல. அவன் செத்தான். கால்வாசியா செத்தான்?"

மெய்கண்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"புயல் எட்டு நாள்" என்று ஆவுடை தொடர்ந்தாள். இப்போது அவள் குரலில் எரிச்சல் குறைந்து, ஒரு பொறி எப்படி ஓடுகிறது என்று காட்டும்போது வரும் வேகம் வந்திருந்தது. "எட்டு நாளைக்கு நாற்பத்தெட்டு உருளை வேணும். கூடத்துல இருந்தது இருபத்தாறு. குறைஞ்சது இருபத்திரண்டு. காவலறையில இருபத்தேழு இருந்துச்சு. போதும். பிரிவுல முப்பத்தாறு. போதும். முகாம்ல, போதும். தளத்துல, இதைப் போல ரெண்டு மடங்கு. நாலு பேர்ல ஒரே ஒருத்தர், யாரா இருந்தாலும் சரி, தன் அலமாரியை மட்டும் திறந்திருந்தா, மத்த மூணு பேர் என்ன பண்ணியிருந்தாலும் பத்தொன்பது பேரும் பொழைச்சிருப்பாங்க. அதனால ஒவ்வொருத்தரும் முழுப் பொறுப்பு. மத்தவங்களைக் காட்டி யாரும் தன் பங்கைக் குறைக்க முடியாது. ஏன்னா பங்கே இல்ல."

"சரி. ஆனா தாள்ல ஒரு பேர்தானே?"

"விதியை எடுங்க."

அவர் எழுதிய விதிதான். ஆனாலும் எடுத்தார். விரல் வைத்துப் படித்தார். ஒரு தாளில் ஒரு பெயர். இரண்டு முறை படித்தார். ஒரு மரணத்துக்கு ஒரு தாள் என்று எங்கேயும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நிரப்பி வந்தார்கள்; அதற்கு விதி சொன்னது காரணமில்லை, பழக்கம்.

"ஒரு மரணத்துக்கு நாலு தாள்" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தாளும் தனி வழக்கு. ஒவ்வொரு வழக்குலயும் ஒரே கேள்வி. இந்த ஆள் மட்டும் திறந்திருந்தா?"

"நாலு இல்ல. அஞ்சு."

அவள் அலமாரிக் கதவிலிருந்து கிழித்துவந்த படிவத்தை மேசைமேல் வைத்து, அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள்.

மெய்கண்டன் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார். "நீங்க முகாம் பக்கமே வரலையேம்மா. பதினோரு வருஷத்துக்கு முந்தி நல்லதுக்கு எழுதினது."

"நாலு பேரும் நல்லதுக்குத்தான் எடுத்து வச்சாங்க. அதே கேள்வியை எனக்கும் கேளுங்க. இந்த ஆள் மட்டும் ஒரு வரி கூடுதலா எழுதியிருந்தா?"

"உங்க பேர் வந்தா உங்க உரிமம் போயிரும். இதுக்கு மேலயும் போகலாம். இதை எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கேக்கல."

"கேக்க மாட்டாங்க, ஐயா. படிவத்தை எழுதினவங்களை யாரும் கேக்கிறதில்ல. இந்தப் பேர் என் கையில பூட்டிக் கிடக்கு, நான் என் அலமாரியைத் திறக்கிறேன். அவ்வளவுதான்."

*

எபனேசர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனை?"

பத்தொன்பதை ஐந்தால் பெருக்கினால் தொண்ணூற்றைந்து. ஆவுடையின் பென்சில் வேண்டுகோள் சீட்டில் தானாக நூற்றாறு என்று எழுதியது. நூற்றாறில் பத்தில் ஒன்று, முழுத் தாளாக, பதினொன்று. அவர் பதினொன்றை எடுத்து வைத்துக்கொண்டால் சரியாகத் தொண்ணூற்றைந்து கைக்கு வரும்.

எழுதிய எண்ணை அவள் உற்றுப் பார்த்தாள். பண்டகசாலைக்காரர்களும் நாளைக்கு இதைத்தான் செய்வார்கள். கூட அனுப்புவார்கள். கூடக் கூட அலமாரிகள் நிறையும்.

நூற்றாறை அடித்தாள். தொண்ணூற்றைந்து என்று எழுதி, அதன் கீழே இன்னும் மூன்று வரி எழுதினாள்.

எபனேசர் உரக்கப் படித்தார். "'இதில் காப்பு எடுக்க வேண்டாம். காப்பு ஓரிடத்தில் மட்டும் இருக்கும்: பயன்படுத்துபவர்களின் அறைக்குள், பூட்டு இல்லாமல். படிவத்தை வகுத்தவள் என்ற முறையில் இதை நானே திருத்துகிறேன்.' இது மேலிடத்து உத்தரவாம்மா?"

"இன்னைக்குச் சாயங்காலம் என் உரிமம் போற வரைக்கும்."

"நாளைக்கு யாராவது வந்து காப்பு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"சீட்டைக் காட்டுங்க. கீழ ஒரு பேர் இருக்கு."

எபனேசர் கொஞ்சம் யோசித்தார். பிறகு விரலை நாக்கில் தொட்டு எண்ணத் தொடங்கினார். ஆவுடை திருப்பிக் கொடுத்த பதினேழோடு, நீதிபதி மதியமே வரவழைத்திருந்த புதுக் கட்டையும் சேர்த்துத் தொண்ணூற்றிரண்டு இருந்தன. எழுந்து போய், அலமாரியைத் திறந்து, காப்பிலிருந்து மூன்றை எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார்.

கெடு முடிய மூன்று மணி நேரம் இருந்தது. ஆவுடை வராந்தாவில் உட்கார்ந்தாள். காதர் மைதீன் எதிரே உட்கார்ந்து இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினோராவது பெயரையும் மற்றவற்றைப் போலவே சொன்னார். அவள் எழுதினாள்.

ஒரு மரணத்துக்கு ஐந்து தாள்கள். ஒரு தாளுக்கு ஒரு பெயர். சூசை, கோமதிநாயகம், வேதவல்லி, இருதயராஜ், ஆவுடைநாயகி. மொத்தம் தொண்ணூற்றைந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் பொறுப்பின் அளவு என்ற கட்டத்தில், முழு.